இஸுமோ ஆலயத்துக்குச் செல்வோர் கவனத்துக்கு

ஜப்பானின் இஸுமோ நகரத்து ஷிண்டோ மகாலயத்தில் முறை தெரியாமல் திகைத்து நிற்காதிருக்க:

1. தோரீ வாயிலில் சிரம் தாழ்த்துங்கள். அதற்கப்பால் தெய்வ சந்நிதானம்.

2. பைன் மரச் சாலையில் ஓரமாகவே நடங்கள். நடுப்பாதையில் வேர்கள் மிதிபடலாகாது.

3. கைகழுவும் நீர்த்தொட்டியில் அகப்பையால் நீர் மொண்டு, முதலில் இடக்கையையும் பின் வலக்கையையும் கழுவி, இடது உள்ளங்கையில் ஏந்திய நீரால் வாய் கொப்பளித்து, எஞ்சிய நீர் காம்பின்மீது வழியுமாறு அகப்பையை நிமிர்த்திய பிறகே வையுங்கள். அடுத்தவர் பிடிக்கும் இடமல்லவா அது!

4. பிற ஷிண்டோ ஆலயங்களில் இருமுறை கைதட்டுவதே பெருவழக்கமாயினும், இங்கே இருமுறை வணங்கி, நான்கு முறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை வணங்குங்கள். இத்தலத்தின் சம்பிரதாயம் அது.

5. 1744-ல் எழுந்த மூலஸ்தானத்தின் மேற்குப் புறமும் சென்று தொழுங்கள். ஓகுனிநுஷி தெய்வம் உள்ளே மேற்கு நோக்கி எழுந்தருளியிருப்பதாக ஐதிகம்.

6. பிரம்மாண்டமான வைக்கோல் வடத்தில் நாணயம் எறிந்து அதிர்ஷ்டம் பார்க்காதீர்கள்; அது அபசாரம்.