கால்வாயோரம் வீடு வாங்குகிறீர்களா?

கோவளம், முட்டுக்காடு, மாமல்லபுரம் பக்கம் பக்கிங்காம் கால்வாயோரமாக வீடு பார்க்கிறவர்கள் கோடையில் பார்த்து முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். கார்த்திகை மழையில் ஒரு தடவை போய், 2015 வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள்.

பத்திரமும் பட்டாவும் மட்டும் போதாது. 'அ' பதிவேடு, புல வரைபடம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று மூன்றையும் எடுங்கள். மனையின் ஓரம் கால்வாய்ப் புறம்போக்கில் நுழைகிறதா என்று சர்வேயரை வைத்து அளப்பது மிக முக்கியம். பின்னால் வரும் வழக்குகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

"கடற்கரை ஒழுங்குமுறை விதியெல்லாம் கடலுக்குத்தான்" என்று தரகர் சொன்னால் நம்ப வேண்டாம். கடல் ஏற்றம் எட்டும் கழிமுகக் கரைக்கும் கால்வாய்க் கரைக்கும் அது பொருந்தும். மாமல்லபுரத்தில் கூடுதலாக ஒன்று: பாதுகாக்கப்பட்ட தொல்லியல் சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்ட முடியாது, அடுத்த 200 மீட்டருக்குள் கட்ட அனுமதி வேண்டும்.

கட்டிய வீடானால் சுவரின் அடிப்பாகத்தைத் தடவுங்கள். பூச்சு மாவாக உதிர்ந்தால் உப்பு ஏறியிருக்கிறது. கூரையின் அடியில் துருக்கறை தெரிந்தால் பொறியாளரைக் கூப்பிடாமல் விலை பேசாதீர்கள். போர் தண்ணீரைச் சித்திரையில் பரிசோதியுங்கள். மழைக்காலத்தில் உப்பு நீரும் நல்ல நீராகத் தெரியும்.