இருபதாம் தேதிக்கான கணக்கை ஐந்தாம் தேதியே போடு

வெள்ளிமலை

அன்புள்ள மகளுக்கு,

சம்பளம் ஐந்தாம் தேதி வருகிறது, இருபதாம் தேதிக்கெல்லாம் பருப்பு டப்பா காலி, அதற்கப்புறம் சம்பள நாள் வரைக்கும் அடுப்பு எரிவதே பெரும்பாடு என்று போனில் சொன்னாய். "எனக்குச் சாமர்த்தியம் பத்தல பெரியம்மா" என்றும் சொன்னாய். சாமர்த்தியப் பேச்சை முதலில் விடு. அதற்கு நம் பக்கத்துக் கரும்பு விவசாயிகளை வைத்தே ஒரு பதில் கிடைத்திருக்கிறது.

ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவோ என்ற நான்கு ஆய்வாளர்கள் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களுக்குப் போய் 464 கரும்பு விவசாயிகளைச் சந்தித்தார்கள். கள்ளக்குறிச்சி அப்போது விழுப்புரத்தோடுதான் இருந்தது. தனி மாவட்டம் ஆனது 2019 நவம்பரில். கரும்புக்காரருக்கு வருமானம் எப்படி வரும் என்று உனக்குத் தெரியும். வெட்டு முடிந்து ஆலைப் பணம் வரும்போது கை நிறையும். அடுத்த வெட்டு நெருங்க நெருங்க வீடு வற்றிப்போகும். வெட்டுக்கு முன்பு ஒரு தடவை, பணம் வந்த பிறகு ஒரு தடவை என்று ஒரே ஆளிடம் ஒரே மாதிரியான புதிர்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். கை வறண்ட நாளில் தடுமாறியவரே, பணம் வந்த பிறகு தெளிவாக விடை சொன்னார். ஆள் மாறவில்லை, படிப்பு மாறவில்லை, மடியில் இருந்த பணம்தான் மாறியிருந்தது. 2013 ஆகஸ்டில் 'சயின்ஸ்' இதழில் அந்த ஆய்வு வெளியானது.

அதிலேயே இன்னொரு கணக்கும் இருக்கிறது. வெட்டுக்கு முன்னால் நூற்றில் 78 பேர் ஏதாவது ஒரு பொருளை அடகு வைத்திருந்தார்கள். வெட்டுக்குப் பிறகு 4 பேர்தான். கடன் இருந்தவர்கள் முன்னால் 99 பேர், பின்னால் 13 பேர்.

அமெரிக்காவிலும் கதை இதேதான். அங்கே ஏழைக் குடும்பங்களுக்கு மாதம் ஒருமுறை உணவு மானியம் கொடுக்கிறார்கள். மானியம் வந்ததிலிருந்து மாதக் கடைசிக்குள் அந்த வீடுகளில் சாப்பிடும் அளவு நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து பங்கு குறைந்துவிடுவதாக ஜெஸ்ஸி ஷாப்பிரோ என்ற பொருளாதார அறிஞர் 2005இல் எழுதினார். வாரச்சந்தை எட்டிப் பார்க்காத ஊரிலும் முதல் வாரம் கறிக்குழம்பு, கடைசி வாரம் ரசம்தான்.

ஆகவே இருபத்தைந்தாம் தேதி ராத்திரி உட்கார்ந்து யோசிக்காதே. அன்றைக்கு யாருக்கும் புத்தி ஓடாது. யோசிக்க வேண்டியதையெல்லாம் ஐந்தாம் தேதியே, மாப்பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, நோட்டில் எழுதி முடித்துவிடு.

எழுதும்போது மாதத்தைக் கடைசியிலிருந்து தொடங்கு. கடைசிப் பத்து நாள் சாமானை முதலில் வாங்கி, தனிப் பையில் கட்டிப் பரண்மேல் வை. இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ரேஷன் அரிசி எட்டுக் கிலோ, கேழ்வரகு நான்கு கிலோ, கொள்ளு ஒரு கிலோ, வேர்க்கடலை அரைக் கிலோ, கொஞ்சம் நெத்திலிக் கருவாடு, புளி, மிளகாய், அரை லிட்டர் எண்ணெய் இருந்தால் போதும். மீதிப் பணத்தில்தான் மற்ற இருபது நாளும் நடக்க வேண்டும். அந்த நாட்களில் இழுபறி வந்தாலும் புத்தி தெளிவாக இருக்கும், சமாளித்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் நடக்க ரேஷன் கார்டு வேண்டும். உங்கள் இருவர் பேரும் பிள்ளைகள் பேரும் இன்னும் உன் மாமியார் கார்டில்தான் இருக்கின்றன. அங்கே பேரை நீக்கி, புதுக் கார்டுக்கு இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். இரட்டை அடுப்பு எதற்கு என்று மாமியார் முகம் சுளித்தால், அவர்களுக்குரிய அரிசி அவர்களுக்கு வந்துகொண்டுதான் இருக்கும் என்று பக்குவமாக எடுத்துச் சொல். தமிழ்நாட்டில் 2011 ஜூனிலிருந்து அரிசி இலவசம். அரிசி கார்டென்றால் 12 கிலோவுக்குக் குறையாது, ஆள் கணக்குப்படி கூடும். அந்தியோதயா கார்டுக்கு 35 கிலோ. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய். வெளிக்கடை விலையோடு ஒப்பிட்டுப் பார், பருப்பிலும் எண்ணெயிலும் மட்டுமே எவ்வளவு மிச்சமாகும் என்று தெரியும். ரேஷன் கடையில் பருப்பும் பாமாயிலும் மாதக் கடைசியில் தீர்ந்துபோகும். சரக்கு வந்த சேதி தெரிந்ததுமே போய் வாங்கிவிடு.

ரேஷன் அரிசியில் அங்கங்கே வேறு நிறத்தில் சில மணிகள் கிடந்தால் பொறுக்கி எறியாதே. "பிளாஸ்டிக் அரிசி" என்று மலையிலும் புரளி கிளம்பியது. நூறு மணிக்கு ஒன்று என்ற கணக்கில் கலக்கும் செறிவூட்டிய அரிசி அது. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து மணியாக அச்சிட்டது. தண்ணீரில் மிதந்தாலும் கெட்டதில்லை. வாடை பிடிக்கவில்லையென்றால் நன்றாகக் களைந்து அரைமணி ஊறவைத்து வடி, இல்லாவிட்டால் இட்லிக்குப் போடு.

பெரியவன் இரண்டாம் வகுப்பு படிப்பது அரசுப் பள்ளியில். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் மறு ஆண்டே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்து வரை உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கொன்றாகக் கொடுக்கிறார்கள். மதியம் சத்துணவு, பள்ளி நடக்கும் நாளெல்லாம் முட்டை. வீட்டில் அவசர அவசரமாக இரண்டு இட்லியைத் திணித்து அனுப்பாமல், பள்ளியில் போய் வயிறார உட்கார்ந்து சாப்பிடச் சொல். "பள்ளிக்கூடத்துச் சோறா" என்று அக்கம்பக்கம் பேசும். பேசட்டும். சின்னவளை அங்கன்வாடியில் சேர். சத்துமாவு வாங்க மறக்காதே. அதைக் கொழுக்கட்டையாகப் பிடித்துக் கொடுத்தால் அடம்பிடிக்காமல் சாப்பிடுவாள்.

சத்துக்குக் கடைப் பவுடர் தேட வேண்டாம். நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, அதே அளவு பாலில் சுமார் 120தான். கொள்ளில் நூறுக்கு இருபது கிராமுக்கு மேல் புரதம். முந்தின ராத்திரியே ஊறப்போட்டால் கேஸும் மிச்சம். வேகவைத்த தண்ணீரில் ரசம், கொள்ளில் பாதி சுண்டல், மீதி துவையல் என்று ஒரே வேக்காட்டில் மூன்று ஆகிவிடும். பருப்பில்லாத நாளில் முருங்கைக்கீரையும் வேர்க்கடலைப் பொடியும் கைகொடுக்கும்.

சாமை விஷயத்தில் மட்டும் ஏமாறாதே. கல்வராயன் மலை மலையாளி வீடுகளில் சாமையை உமியோடு சேர்த்துவைத்து வேண்டும்போது வேண்டிய அளவே குத்திக்கொள்வார்கள். உமியோடு இருக்கும்வரை வருஷக்கணக்கில் பூச்சி அண்டாது, உமி நீங்கிவிட்டால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். ஏழைச் சோறாக இருந்த அந்தச் சாமை இப்போது பளபளப்பான பாக்கெட்டில் அரிசியைவிடக் கூடுதல் விலைக்கு விற்கிறது. கை இறுக்கமான மாதத்தில் அது உனக்கு வேண்டாம்.

சின்னசேலம் பக்கம் மரவள்ளி வெட்டும் பருவத்தில் கிழங்கு மலிந்துவிடும். ஜவ்வரிசி ஆலைக்குப் போகும் கிழங்கு எல்லாம் சமையலுக்கு ஆகாது, கசப்பு ரகத்தில் நஞ்சு இருக்கும். கறிக்கிழங்கா என்று கேட்டு வாங்கு. தோலை நன்றாகச் சீவி, பாத்திரத்தை மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடு. காய்கறிக்குச் சந்தை கலையும் நேரத்தில் போ. கூறுகட்டி வைத்ததை அந்த நேரத்தில் கேட்ட விலைக்கே தள்ளிவிடுவார்கள்.

கடனைப் பற்றியும் சொல்ல வேண்டும். தெருவில் வாரத் தவணைக்குக் கொடுக்கிறவர்கள் வருவது இருபதாம் தேதிக்கு மேல்தான், உன் புத்தி ஓடாத நாள் பார்த்துத்தான். அன்றைக்கு "சரி" என்று சொல்லாதே, ஐந்தாம் தேதி வரச் சொல். ரேஷன் கார்டையும் ஏடிஎம் கார்டையும் யாரிடமும் அடகு வைக்காதே. கல்வராயனிலிருந்து காப்பித் தோட்ட வேலைக்கு முன்பணம் வாங்கிப் போகிற சனங்கள் படும்பாடு உனக்குப் புதிதல்ல. வீட்டுக்கு வந்து மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025இல் தமிழகச் சட்டப்பேரவை தனிச் சட்டமே நிறைவேற்றியிருக்கிறது. தவிர்க்க முடியாத செலவென்றால் மகளிர் குழுவில் கேள். அங்கே வட்டி எவ்வளவு என்பது எல்லோர் முன்னிலையிலும் நோட்டில் எழுதியிருக்கும்.

அரசு தரும் மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாய் உனக்குக் கிடைத்தால், அது மாத நடுவில் வருவதற்கு ஒரு உபயோகம் உண்டு. அதைச் சம்பளத்தோடு சேர்க்காதே. கேஸ் சிலிண்டருக்கும் மருந்துக்கும் என்று ஒதுக்கு. மிஞ்சினால் பரண்மேல் உள்ள பைக்கு ஒரு தட்டு முட்டை.

கார்டு வேலைக்கு ஆதார், வாடகை வீட்டு ஒப்பந்தம் அல்லது கேஸ் ரசீது, உன் ஃபோட்டோ எல்லாம் எடுத்து வை. அடுத்த வாரம் உன் பெரியப்பா கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு வரும்போது ஒரு சிப்பம் கேழ்வரகு கொண்டுவருவார். கல் அரித்து, ஒருநாள் வெயிலில் காயவைத்து, பாதியை மட்டும் மில்லில் அரைத்துக்கொள்; மாவாகக் கிடந்தால் வண்டு விழும். பை காலியானதும் அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடு, மறுபடி நிரப்ப வேண்டும்.

இப்படிக்கு,
உன் பெரியம்மா