புது உப்புநீர் மீனுக்கு முதலில் தனித்தொட்டி

கனடாவின் மார்க்கம் நகரில் வீட்டு நிலவறையில் கடல்மீன் வளர்ப்பவர்களுக்குச் சில குறிப்புகள்.

1. கடையில் வாங்கிய மீனை நேரே பவளத்தொட்டிக்குள் விடாதீர்கள். தனித்தொட்டிக்கு 20 கலன் வெறுந்தொட்டி, ஸ்பொஞ்ச் வடிகட்டி, ஹீற்றர், ஒளிந்துகொள்ளப் பிவிசி குழாய்த் துண்டுகள், மேலே வலைமூடி போதும். கல்லும் பவளமணலும் ஒட்டுண்ணிக்குக் கொடுக்கும் செம்பு மருந்தை உறிஞ்சிவிடும். மணலில் புதைந்து உறங்கும் ராஸ் மீனுக்கு மட்டும் ஒரு கிண்ணத்தில் நீச்சற்குள வடிகட்டி மணல் வையுங்கள்.

2. அந்த ஸ்பொஞ்சை மூன்று நான்கு கிழமை முன்பே பெரிய தொட்டியில் போட்டு வைத்தால், அமோனியாவைச் சிதைக்கும் பக்டீரியா அதில் குடியேறிவிடும்.

3. நம் குழாயில் வருவது ஒன்ராறியோ ஏரித் தண்ணீர். அதில் குளோரமைன் இருக்கிறது. இரவு முழுக்கத் திறந்து வைத்தாலும் அது போகாது. ஆர்ஓ டிஐ (எதிர்ச் சவ்வூடுபரவல், அயனி நீக்கம்) வடிகட்டி நீரில்தான் உப்பைக் கரைக்க வேண்டும். செம்பு இருக்கும் தொட்டியில் அமோனியா குறைக்கும் திரவத்தை ஊற்றவே கூடாது. செம்பின் நச்சு பல மடங்காகும்.

4. குளிர்காலத்தில் காரை முதலில் சூடாக்கிவிட்டு, மீன் பையை ரெஜிபோம் பெட்டியில் வைத்துக் கொண்டுவாருங்கள்.

5. நெடுநேரம் பயணித்து வந்த பையைத் திறந்ததும் கரியமிலவாயு வெளியேறும், பிஎச் உயரும், தேங்கிய அமோனியா கொடிய நஞ்சாகும். பையைத் திறந்து மணிக்கணக்கில் சொட்டுச்சொட்டாக நீர் விடுவது ஆபத்து. பைநீரின் உப்படர்த்தி 1.019 என்றால் தனித்தொட்டியிலும் 1.019 வைத்து, வெப்பம் சமமானதும் மீனை மட்டும் மாற்றிவிடுங்கள். பிறகு சில நாட்களில் மெல்ல உயர்த்தலாம்.

6. அறை விளக்கை அணைத்து, பக்கவாட்டில் ரோர்ச் அடித்துப் பாருங்கள். தனித்தனி உப்புக்கல் போல் தெரிந்தால் வெண்புள்ளி நோய். மெல்லிய தூள் படலமாக மினுங்கி, மீன் வேகமாக மூச்சு வாங்கினால் வெல்வெட் நோய்; இது ஓரிரு நாளில் கொல்லும், காத்திருக்காதீர்கள்.

7. வெண்புள்ளி தானாக மறைந்தால் மகிழாதீர்கள். ஒட்டுண்ணி கீழே உதிர்ந்து, பெருகித் திரும்பி வரும். நீந்தித் திரியும் பருவத்தில்தான் செம்பு அதைக் கொல்லும். அதனால்தான் 30 நாள் மருந்து. கீலேற் செய்த செம்பு லீற்றருக்கு 2 முதல் 2.5 மில்லிகிராம், அயனிச் செம்பு என்றால் அதைவிட மிகக் குறைவு. எது உங்கள் கையில் என்று போத்தலைப் படித்துப் பாருங்கள். ஏஞ்சல், ராஸ் போன்ற மென்மையான மீன்களுக்கு ஐந்தாறு நாளில் படிப்படியாக அளவை ஏற்றி, தினமும் அளந்து பாருங்கள். மீன் சாப்பாட்டை நிறுத்தினால் அளவை ஏற்றுவதையும் நிறுத்துங்கள்.

8. தட்டைப்புழுவைச் செம்பு தொடாது. அதற்குப் பிரசிகுவாண்டெல், கூடவே நல்ல காற்றோட்டம்.

9. 2018 டிசம்பர் 1 முதல் கனடாவில் மனித மருத்துவத்துக்கு முக்கியமான அன்ரிபயோட்டிக் மருந்துகளை விலங்குகளுக்கு வாங்கவும் மிருக வைத்தியரின் சீட்டு தேவை. மீனுக்கும் அப்படியே.

10. வலை, வாளி, குழாய் எல்லாம் தனித்தொட்டிக்கென்று தனியாக வேண்டும். நோய் பெரிய தொட்டிக்குள் போயிருந்தால், மீன்கள் எல்லாவற்றையும் எடுத்துச் சிகிச்சை செய்து, அதை 76 நாள் மீனின்றி விடுவதே வழக்கம்.

11. 2013 டிசம்பர் உறைமழையில் ரொறன்ரோப் பகுதி நாட்கணக்கில் மின்சாரமின்றி இருளில் கிடந்தது. பற்றரிக் காற்றுப்பம்பு ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

12. பவுடர் புளூ ராங் நம் இலங்கைக் கடலின் பவளப்பாறைகளிலும் வாழும் பேரழகு. வெண்புள்ளிக்கு மிக எளிதில் இரையாவதும் அதுதான். தனித்தொட்டிக்கு இடமில்லாதவர்கள் தயவுசெய்து அதை வாங்காதீர்கள். பண்ணையில் பிறந்த கோமாளி மீன் சோடி ஒன்றை வாங்குங்கள்.