சைக்கிளில் கல்லூரிக்குப் போகும் பிள்ளை உள்ள வீட்டுக்கு

பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிளிலேயே கல்லூரிக்கும் போய்வருகிற பிள்ளைகள் சுரண்டை, ஆலங்குளம் பக்கம் இன்னும் உண்டு. ஒருநாள் பாட்டுப் பாடிக்கொண்டு வருவார்கள். மறுநாள் பையை வீசிவிட்டுப் படுத்துக்கொள்வார்கள். காரணத்தைப் பிள்ளையிடம் தேடுவதற்கு முன் சைக்கிளைப் பாருங்கள்.

1. காற்றை ஞாயிறு மாலையே அடித்துவிடுங்கள். எவ்வளவு அடிக்கலாம் என்று டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும். சும்மா நிற்கிற சைக்கிளிலும் காற்று மெல்ல இறங்கும். குறைந்த காற்றில் ஓட்டினால் மிதி கனக்கும். குழியில் இறங்கும்போது ரிம்மில் நசுங்கி டியூபும் போகும்.

2. திங்கள் காலை டயர் சப்பிக் கிடந்தால் உடனே பஞ்சர் கடைக்குத் தள்ளிக்கொண்டு ஓட வேண்டாம். காற்றை அடித்து, வால்வின் வாயில் எச்சிலைத் தொட்டு வையுங்கள். குமிழி வந்தால் குற்றம் வால்வு டியூபில்தான். பழைய மாதிரி வால்வில் இருக்கும் அந்தச் சின்ன ரப்பர் நாள்பட்டால் வெடித்துவிடும். விலை சில்லறைக் காசு. பென்சில் டப்பாவில் இரண்டு போட்டு வைக்கலாம்.

3. நம் பக்கத்துப் பஞ்சருக்குப் பெரும்பாலும் சீமைக் கருவேல முள்தான் காரணம். ஒட்டுப் போடுமுன் டியூபை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஈரம் போய்ப் பிசுக்கு வரும்வரை பொறுக்க வேண்டும். அவசரப்பட்டால் ஒட்டு கழன்றுவிடும். டியூபை உள்ளே போடுமுன் டயரின் உட்புறத்தைத் துணியால் சுற்றித் துடையுங்கள். முறிந்த முள் துணியில் மாட்டும். இதை விட்டுவிட்டு, புதன்கிழமையும் பஞ்சர் என்று கடைக்காரரைத் திட்டுவதில் நியாயமில்லை.

4. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்றுதான் பெரிய தொல்லை. கல்லூரி மேற்கே இருந்தால் பாக்கியம்: காலையில் எதிர்த்தாலும் மாலையில் தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் விடும். கிழக்கே இருந்தால் போகும்போது சொகுசு, களைத்துத் திரும்பும்போது பாடு. எதிர்காற்றில் வீம்புக்கு மிதிக்கக் கூடாது. காற்றோடு மோதும் வேகம் இரண்டு மடங்கானால் அதன் எதிர்ப்பு நான்கு மடங்காகிவிடும். வேகத்தைக் குறைத்து, கொஞ்சம் குனிந்து, ஒரே சீராக மிதிப்பதே வழி. இரண்டு பேர் சேர்ந்து போனால் ஒருவர் பின் ஒருவராக, மாறி மாறி முன்னே போகலாம். பின்னால் வருபவருக்குக் காற்று குறையும். பையை முதுகில் மாட்டாமல் கேரியரில் கட்டுங்கள். லாரி கடக்கும்போது ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். ஒரு நொடி காற்றை மறைத்துவிட்டு மறுநொடி பக்கவாட்டில் அறைய விடும். காலையில் காற்று தணிந்திருக்கும் என்பதால் அரைமணி முன்னதாகக் கிளம்புவதும் நல்லது. கேட்பார்களா என்பது வேறு விஷயம்.

5. முட்டி வலிக்கிறது என்றால் தைலத்துக்கு முன் சீட்டைக் கவனியுங்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். மடங்கினால் சீட்டை ஏற்றுங்கள். பதினொன்றாம் வகுப்பில் வைத்த உயரம் இப்போது போதாது.

6. செயினுக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம். புழுதி சேர்ந்து பிசினாகிவிடும். தையல் மெஷின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மேலே வழிவதைத் துடைத்துவிடுங்கள்.

7. தேங்காய் எண்ணெய்க்கும் வேலை உண்டு. பேண்ட்டில் செயின் கறை பட்டால் தண்ணீர் படுமுன் அந்த எண்ணெயைத் தேய்த்து, கறை இளகியதும் பாத்திரம் கழுவும் திரவம் போட்டு அலசுங்கள். வலதுகால் பேண்ட்டுக்கு ஒரு ரப்பர் பேண்டும் துப்பட்டாவுக்கு ஒரு ஊக்கும் இருந்தால் இந்த வேலையே இல்லை.

8. ரிம் நனைந்தால் பிரேக் தாமதமாகத்தான் பிடிக்கும். மழையில் கொஞ்சம் முன்னதாகவே அழுத்தத் தொடங்கச் சொல்லுங்கள்.

9. ஸ்பெஷல் கிளாஸ் உள்ள நாளில் இருட்டிவிடும். பின் மட்கார்டில் சிவப்பு ரிஃப்ளெக்டர் இருக்கிறதா, சேறு மூடியிருக்கிறதா என்று வெளிச்சமிருக்கும்போதே பாருங்கள்.

10. ஆடி மாதத்தில் பைக் வேண்டும் என்ற பேச்சு கட்டாயம் கிளம்பும். ஆவணி முடியும்வரை பதில் சொல்லாமல் இழுத்துப் பாருங்கள். காற்று அடங்கியதும் அந்தப் பேச்சும் பெரும்பாலும் அடங்கிவிடும்.