ஏணியும் எண்ணெய்ச் சாயமும்: வெளிமர வேலைக்குப் போகுமுன் அறிய வேண்டியவை

வயலும் தோட்டமும் கைவிட்டுப் போன குடும்பங்கள் கிடைத்த கூலி வேலைக்குப் போகின்றன. அவ்வாறு கிடைக்கும் வேலைகளில் ஒன்று, வீடுகளின் வெளிப்புற மரங்களைச் சுரண்டித் துப்புரவாக்கி எண்ணெய்ச் சாயம் பூசுவது. கதவு, யன்னல், படலை, கூரையின் கைமரம், கூரை விளிம்புப் பலகை என்பன வெயிலையும் மழையையும் நேரே தாங்குபவை. மீளக் குடியேறியவர்கள் தங்கள் சொந்த வீட்டிலும் இதே வேலையைச் செய்ய வேண்டியிருக்கிறது. பார்வைக்கு இது இலகுவான வேலை. ஆனால் ஏணியில் நின்று செய்யும் வேலை என்பதை மறந்துவிடுகிறோம்.

எனக்குத் தெரிந்த ஒரு தகப்பனார் இடம்பெயர்ந்த ஊரில் குத்தகைக் காணியில் வெங்காயம் செய்து வந்தார். இறைப்பு இல்லாத நாட்களில் பூச்சு வேலைக்குப் போவார். ஒருநாள் பின்னேரம், கூரை விளிம்புப் பலகையில் கடைசித் துண்டு எஞ்சியிருந்தது. ஏணியை நகர்த்தும்படி கீழே நின்ற மைத்துனர் சொன்னார். “இன்னும் ஒரு சாண்தானே, தம்பி” என்று அவர் பக்கவாட்டில் எட்டினார். ஏணி சரிந்தது. இடுப்பெலும்பு முறிந்தது. நட்ட வெங்காயத்துக்கு இறைக்க ஆளில்லாமல் அந்தப் போகம் அழிந்தது. அந்த ஒரு சாணுக்கு விலை ஒரு போகம். பனையில் ஏறிப் பழகியவருக்கு உயரம் பயமில்லை. ஆனால் பனை நிலத்தில் வேரூன்றி நிற்கிறது, ஏணி நாம் வைத்தபடி நிற்கிறது. இந்த வேறுபாட்டை முதலில் மனதிற் கொள்ள வேண்டும்.

1. ஏணியைச் சோதித்தல்

ஏறுமுன் ஏணியை நிலத்தில் கிடத்தி ஒவ்வொரு படியாகப் பாருங்கள். வெடிப்பு, கறையான் அரிப்பு, தளர்ந்த கட்டு, கழன்ற ஆணி எது இருந்தாலும் அன்று அந்த ஏணி வேண்டாம். மர ஏணிக்கு நிறப் பெயின்ற் பூசக்கூடாது, அது வெடிப்பை மறைத்துவிடும். நிறமற்ற வார்னிஷ் அல்லது எண்ணெய் பூசலாம். ஏணிக்குத் தடி வெட்டவோ வீட்டின் பின்புறத்தைத் துப்புரவாக்கவோ நெடுநாள் பாழ்கிடந்த காணிக்குள் போகும்போது, மிதிவெடி அகற்றப்பட்டது உறுதியாகாத பற்றைக்குள் கால் வைக்க வேண்டாம். செடி மூடிய பாழுங் கிணறுகளும் அங்கே இருக்கக்கூடும்.

2. ஏணியைச் சாத்துதல்

நான்கு அடி உயரத்துக்கு ஒரு அடி என்பது கணக்கு. ஏணி சாயும் இடம் 12 அடி உயரமானால், அதன் கால் சுவரிலிருந்து 3 அடி தள்ளி நிற்க வேண்டும். அளவுகோல் இல்லையா? ஏணியின் காலடியில் உங்கள் பாதவிரல்கள் படும்படி நிமிர்ந்து நின்று, இரு கைகளையும் தோள் உயரத்தில் நேரே நீட்டுங்கள். உள்ளங்கை படியைத் தொட்டால் சாய்வு சரி. அதைவிட நிமிர்ந்தால் ஏணி பின்னுக்குச் சாயும், அதைவிடப் படுத்தால் கால் வழுக்கும்.

மணல் நிலத்திலும் ஈர நிலத்திலும் இரு கால்களுக்கும் கீழே ஒரே அகலப் பலகையை வைத்து, அது நகராதபடி முளை அடியுங்கள். ஒரு காலுக்கு மட்டும் கல் வைத்து உயர்த்த வேண்டாம். ஏணியின் தலையைக் கயிற்றால் உறுதியான மரத்துடன் கட்டுங்கள். கட்டி முடியும்வரை ஒருவர் அடியில் பிடித்து நிற்க வேண்டும். கூரைக்கு ஏறுவதானால் ஏணி கூரை விளிம்புக்கு மேல் 3 அடி நீண்டிருக்க வேண்டும்.

3. ஏறி நிற்றல்

ஏணியைப் பார்த்தபடியே ஏறுங்கள், பார்த்தபடியே இறங்குங்கள். இரு காலும் ஒரு கையும், அல்லது இரு கையும் ஒரு காலும் எப்போதும் ஏணியில் இருக்க வேண்டும். ஆகவே கையில் ரின்னைத் தூக்கிக்கொண்டு ஏறக்கூடாது. வாளியில் கயிறு கட்டி மேலே இழுத்து, கொளுக்கியால் படியில் தொங்கவிடுங்கள். மேலிருந்து மூன்று படிகளில் நிற்க வேண்டாம். தொப்புள் ஏணியின் இரு நெடுந்தடிகளுக்கும் வெளியே போனால் நீங்கள் அளவுக்கு மீறி எட்டுகிறீர்கள் என்பது பொருள். இறங்கி, ஏணியை நகர்த்தி, மீண்டும் ஏறுங்கள்.

4. காற்று, மின்கம்பி, கூரைத் தகடு

வடக்கில் சோழகக் காற்று வைகாசி முதல் புரட்டாதி வரை பலமாக வீசும். அக்காலத்தில் காற்று எழுமுன் காலையிலேயே ஏணி வேலையை முடிப்பது நல்லது. மின்கம்பிக்கு 10 அடிக்குள் ஏணியைக் கொண்டுபோக வேண்டாம். அலுமினிய ஏணி மட்டுமல்ல, நனைந்த மூங்கிலும் மின்சாரத்தைக் கடத்தும். அஸ்பெஸ்டஸ் கூரைத் தகட்டில் நேரே கால் வைக்காதீர்கள், பழைய தகடு திடீரென உடையும். அதை வெட்டவோ உலரச் சுரண்டவோ வேண்டாம். அதன் தூசு பல ஆண்டுகளின் பின் நுரையீரலில் கொடிய நோயாக வெளிப்படும்.

5. மரத்தை ஆயத்தம் செய்தல்

தேவையான கருவிகள் சிலவே: சுரண்டி, கம்பித் தூரிகை, மண்தாள், 2 அங்குல, 4 அங்குல பிறஷ்கள், கலக்கும் தடி, பழந்துணி. முதலில் 80 ஆம் இலக்க மண்தாளும் பின்னர் 120 ஆம் இலக்கமும் போதும். மரத்தின் ரேகை ஓடும் வழியிலேயே தேய்க்க வேண்டும். இலங்கையில் பெயின்ற்றில் கலக்கும் ஈயத்துக்கான சட்ட வரம்பு 2013 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பெயின்ற்றில் ஈயம் இருக்கலாம் என்று கருதி, நனைத்தே தேய்த்துத் தூளைத் திரட்டி எடுங்கள். குழந்தைகளை அருகில் விட வேண்டாம்.

பின்னர் மரத்தில் சில துளி நீர் விடுங்கள். நீர் உள்ளே ஊறினால் மரம் சாயத்தை ஏற்கும். முத்தாக நின்றால் பழைய பூச்சு இன்னும் இருக்கிறது. மழைக்குப் பின் மரம் நன்கு காயும்வரை பொறுத்திருங்கள். ஐப்பசி மாரிக்கு முன்னரே வேலையை முடிப்பது சிறந்தது.

6. பூசுதல்

வார்னிஷ் மரத்தின் மேல் தோலாகப் படியும். வெயிலில் அத்தோல் வெடித்து உரியும், மீண்டும் பூச அனைத்தையும் சுரண்ட வேண்டும். ஊறும் எண்ணெய்ச் சாயம் உரியாது, மங்கும். துப்புரவாக்கி மேலேயே பூசலாம். எண்ணெய்ச் சாயத்துக்கு இயற்கை மயிர் பிறஷ் உகந்தது.

சாயப்பொடி அடியில் படியுமாதலால் அடிக்கடி கலக்குங்கள். நடுப்பகல் வெயிலில் பூச வேண்டாம், ஊறுமுன் காய்ந்துவிடும். ஒரு பலகையை முனையிலிருந்து முனைவரை ஒரே மூச்சில் முடியுங்கள். இடையில் நிறுத்தினால் கறைக்கோடு விழும். வெட்டுமுகங்கள் நீரை அதிகம் உறிஞ்சுவதால் அவற்றுக்கு இருமுறை பூசுங்கள். உக்கல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. பத்துப் பதினைந்து நிமிடத்தின் பின் ஊறாமல் நிற்பதைத் துணியால் துடைத்துவிடுங்கள்.

7. துணியும் கழிவும்

ஆளிவிதை எண்ணெய் கலந்த சாயம் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியக்கூடாது. எண்ணெய் காயும்போது வெப்பம் பிறக்கும். குவியலில் அந்த வெப்பம் வெளியேற வழியின்றித் துணி தானாகவே தீப்பற்றும். கிடுகு வேய்ந்த கொட்டிலில் வாழும் நமக்கு இது பெரிய ஆபத்து. துணியை வெளியே விரித்துக் காயவிடுங்கள், அல்லது நீரில் அமிழ்த்தி வையுங்கள்.

கறையானுக்கென்று பழைய எஞ்சின் ஒயில் பூசும் வழக்கம் நம்மிடையே உண்டு. அதில் புற்றுநோய் தரும் பொருட்கள் உண்டு. தோலில் படுவதும் தீது, மழையில் கழுவுண்டு நிலத்தில் இறங்குவதும் தீது. யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கல் நிலத்தில் ஊற்றியது கிணற்றைச் சேரும். சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்து மக்கள் குடிநீருக்கு அல்லற்பட்டதை 2014, 2015 ஆம் ஆண்டுகளில் கண்டோம். பிறஷ் கழுவிய மண்ணெண்ணெயை மூடியுள்ள ரின்னில் தெளியவிட்டு, மேல்தெளிவை மீண்டும் பயன்படுத்துங்கள்.

8. ஒருவர் விழுந்தால்

உடனே தூக்கி நிறுத்தாதீர்கள். கழுத்தையும் முதுகையும் அசைத்தால், நடக்கக்கூடியவரும் முடமாகலாம். கிடந்தபடியே அசையாமல் வைத்து, 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த நோயாளர் காவுவண்டிச் சேவை இலவசம்.

கூலிக்குப் பேசும்போதே நல்ல ஏணியையும் உதவிக்கு ஓர் ஆளையும் கேட்டு வாங்குங்கள். அது சலுகையன்று, வேலையின் ஒரு பகுதி. மரத்துக்குப் பூசும் சாயத்தைச் சில ஆண்டுகளில் மீண்டும் பூசலாம். பூசுபவரின் முதுகெலும்புக்கு அப்படி ஒரு மறுபூச்சு இல்லை.

கலந்துரையாடலுக்கு

அ. உங்கள் முகாமில் அல்லது ஊரில் உள்ள ஏணிகளை ஒன்றாகச் சோதித்துப் பாருங்கள். எத்தனை ஏணிகள் ஏறத்தக்கவை?

ஆ. ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து ஒரு நல்ல ஏணியையும் கயிற்றையும் பொதுவில் வாங்கி வைத்திருக்க முடியுமா? அதன் பொறுப்பை யார் ஏற்பது?

இ. உழைப்பவர் ஒருவர் மூன்று மாதம் படுக்கையில் கிடந்தால், அந்த வீட்டின் இறைப்பையும் உணவையும் அயலவர் எவ்வாறு தாங்கலாம்?