இறுதிக்கால ஆதரவுச் சிகிச்சையை இடையில் கைவிடும்போது

முற்றிய புற்றுநோய், செயலிழந்துவரும் இதயம் போன்ற நோய்களில் குணப்படுத்தும் மருத்துவம் இனிப் பயன் தராது என்ற கட்டம் வருவதுண்டு. அப்போது வலி, மூச்சுத்திணறல், வாந்தி, படுக்கைப்புண் ஆகியவற்றைத் தணிப்பதே சிகிச்சையின் நோக்கமாகிறது. இதுவே வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சை. தமிழகத்தில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இது வீடு தேடி வருகிறது. பிள்ளையார்பட்டிச் சுற்றுவட்டாரத்தினர் தங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.

இச்சிகிச்சையிலிருந்து இடையில் விலகுவோரில் சிலர், உடல்நிலை தேறியதால் விலகுகின்றனர். அது மகிழ்ச்சிக்குரியது. நாங்கள் கவலையுடன் காண்பது வேறு வகை. நள்ளிரவில் முதியவருக்கு மூச்சுத் திணறுகிறது. சிங்கப்பூரிலிருந்து மகன், "எவ்வளவு செலவானாலும் சரி, மதுரைக்குக் கொண்டு போங்கள்" என்கிறார். பாசத்தில் பிறந்த சொல்தான். உடனிருந்து பார்ப்பவரோ, 'கவனிக்காமல் விட்டுவிட்டார்கள்' என்று ஊர் சொல்லுமோ என அஞ்சி ஆம்புலன்சை அழைக்கிறார். அதன்பின் தீவிர சிகிச்சைப் பிரிவு, செயற்கைச் சுவாசக் கருவி, அன்றாடம் இரத்தப் பரிசோதனை. அடிப்படை நோய் மட்டும் மாறுவதில்லை.

அமெரிக்காவில் 'ஹாஸ்பிஸ்' எனப்படும் இறுதிக்காலச் சிகிச்சையில் இருந்த புற்றுநோயாளிகளைப் பற்றி 2010இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. இடையில் விலகியோரில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். இறுதிவரை தொடர்ந்தோரில் இது 2 விழுக்காட்டிற்கும் குறைவு. அரசுக் காப்பீட்டிற்கு ஆன செலவும் விலகியோருக்குப் பல மடங்கு மிகுதி. இரு பிரிவினரும் எல்லா வகையிலும் ஒத்தவர்கள் அல்லர் என்பதையும் கருதவேண்டும்.

அங்கு பெரும்பகுதியைக் காப்பீடு ஏற்கிறது. இங்கோ பல செலவுகள் குடும்பத்தின் தலையில் விழுகின்றன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்குக் குடும்பத்திற்கு 5 இலட்சம் ரூபாய் வரை, பட்டியலிலுள்ள சிகிச்சைகளுக்கு உதவும். ஆனால் உடனிருப்போரின் தங்குமிடம், உணவு, இழந்த கூலி ஆகியவை எந்த ரசீதிலும் வருவதில்லை. அடகு வைத்த நகைக்கு வட்டி, துக்கம் முடிந்த பின்னும் தொடர்கிறது.

எல்லாப் பயணமும் வீண் என்று நாங்கள் கூறவில்லை. எலும்பு முறிவு, திடீரென இரு கால்களும் செயலிழத்தல், சிறுநீர் அடைப்பு, வீட்டு மருந்தால் அடங்காத வலி ஆகியவற்றிற்கு மருத்துவமனை தேவை. அதைச் சரிசெய்துகொண்டு வீடு திரும்பி, ஆதரவுச் சிகிச்சையைத் தொடரலாம். ஒருமுறை விலகியவர் மீண்டும் சேரவும் தடையில்லை. சிலர் கூச்சத்தால் திரும்பி வராமல் இருந்துவிடுகின்றனர்.

மூச்சுத்திணறலுக்கு என்ன செய்வது என்பதை, அது வருமுன்பே மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து அமரவைப்பதும், முகத்தில் படுமாறு மின்விசிறியை வைப்பதும் உண்மையிலேயே பயன்படும். மருத்துவர் குறித்த அளவில் தரும் மார்ஃபின், வலியை மட்டுமன்றி மூச்சுத்திணறல் உணர்வையும் தணிக்கும். அவ்வளவில் கொடுத்தால் அது மரணத்தை விரைவுபடுத்தும் என்ற அச்சம் தேவையற்றது. அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுடன் எங்களை ஒருமுறை காணொளி அழைப்பில் பேசவையுங்கள். நோயாளி பேசக்கூடிய நிலையில் இருக்கும்போதே, அவர் கடைசி நாட்களை எங்கே கழிக்க விரும்புகிறார் என்பதை அவர் வாயாலேயே அவர்கள் கேட்கட்டும். செவிலியரின் தொலைபேசி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டிலருகே சுவரில் ஒட்டிவையுங்கள்.