இளம் பட்டுப்புழுத் தாங்கியின் உஷ்ணத்தைச் சிக்கனமாகக் காக்கும் முறை

பட்டுப்புழு தன் உடற்சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் பிராணியன்று. பாம்பையும் தவளையையும்போல் அது தன்னைச் சூழ்ந்த காற்றின் உஷ்ணத்தையே பெறுகிறது. குளிர்ந்தால் இலை தின்பது குறையும். சூடு மிகுந்தால் தளர்ந்து நோய்க்கு இரையாகும். ஆகவே உஷ்ணத்தைக் காப்பது புழு வளர்ப்பில் பாதி வேலை எனலாம்.

தேனி மாவட்டத்தில் மல்பெரி பயிரிட்டுப் புழு வளர்ப்போர் பலர். இவர்கள் அனைவருக்கும் ஒரே யோசனை பொருந்தாது. ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் காற்றின் உஷ்ணம் சுமார் 6 டிகிரி குறைகிறது. போடிநாயக்கனூரை ஒட்டிய சமவெளியில் பங்குனி, சித்திரை மாதங்களில் வேண்டுவது குளிர்ச்சியே. அங்கே கூரைமேல் நிழலும் ஈரச் சாக்குத் திரையும் போதும். போடிமெட்டை நோக்கி ஏறும் சரிவுகளிலோ மார்கழி, தை இரவுகளில் வெப்பமூட்டல் அவசியம். இக்கட்டுரை சரிவில் உள்ளவர்க்கே எழுதப்படுகிறது. இளம்புழு வளர்ப்பு நிலையத்திலிருந்து புழுக்களை வாங்கிக்கொள்ள வசதியுள்ளவர்க்கு இச்செலவு பெரும்பாலும் தேவையில்லை.

வேண்டிய அளவு: முதற் பருவத்துக்கு 28 டிகிரி, இரண்டாம் பருவத்துக்கு 27 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணமும், காற்றில் 85 முதல் 90 சதவீதம் ஈரமும் நன்று. பின் பருவங்களில் இரண்டையும் படிப்படியாகக் குறைத்து, ஐந்தாம் பருவத்தில் உஷ்ணத்தை 24 டிகிரி அளவில் நிறுத்தல் வேண்டும். நூறு முட்டைத் தொகுதிகளில் 40,000 புழுக்களுக்கு மேல் இருக்கும். முதல் பத்து நாட்களில் நேரும் பிழையின் பலனைக் கூடு கட்டும் காலத்திலேதான் காண்போம். அப்போது பரிகாரம் இல்லை.

ரெகுலேட்டரா, தெர்மோஸ்டாட்டா: வீட்டில் செய்த மரத் தாங்கியைச் சுற்றிலும் சாக்கும் பாலிதீன் தாளும் கட்டி, அடியில் சிறு மின்கம்பிச் சுருளோ இழைபல்புகளோ வைப்பது பலரும் செய்வதே. எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தருமேயன்றி, அது தரும் உஷ்ணம் சொற்பம். இங்கே சிலர் செலவைக் குறைக்க ரெகுலேட்டர் ஒன்றை மட்டும் பூட்டுகின்றனர். அது வெப்பத்தின் வேகத்தைக் குறைக்குமே தவிர, காற்றின் நிலையை அறியாது. மாலையில் அறையின் உஷ்ணம் 22 டிகிரி. ரெகுலேட்டரைத் திருப்பி 6 டிகிரி கூட்டி 28 ஆக்குகிறோம் என்று கொள்வோம். விடியற்காலையில் அறை 17 டிகிரிக்கு இறங்கினால் தாங்கியில் 23 டிகிரியே இருக்கும். நண்பகலில் அறை 27 டிகிரிக்கு ஏறினால் தாங்கியில் 33 டிகிரி ஆகிவிடும். ஒரே நாளில் 10 டிகிரி ஏற்றமும் இறக்கமும் இளம்புழுவுக்கு ஆகாது.

தெர்மோஸ்டாட் என்னும் கருவியோ உஷ்ணத்தை அளந்து, குறைந்தபோது மின்சாரத்தை விட்டு, நிறைந்தபோது நிறுத்துகிறது. ஆகையால் மரத்திலும் சாக்கிலும் சிக்கனம் செய்க, இக்கருவியில் செய்யற்க.

வைக்கும் இடம்: கருவி நல்லதாயினும் அதன் உணர்முனை தவறான இடத்தில் இருந்தால் பயனில்லை. சரிவிலுள்ள ஒரு மனையில் உணர்முனையை மேல்தட்டில் கட்டியிருந்ததைக் கண்டேன். சூடான காற்று மேலே சேர்வதால் கருவி சீக்கிரமே மின்சாரத்தை நிறுத்தியது. கீழ்த்தட்டுப் புழுக்கள் குளிரில் பின்தங்கின. மேல்தட்டில் தோலுரிப்பு முடிந்தபோது கீழ்த்தட்டில் அது தொடங்கவே இல்லை. வயது பிரிந்த புழுக்களுக்கு ஒருசேர இலையிட இயலாமல் அந்த மனைக்காரர் மிகவும் அவதியுற்றார். உணர்முனையை நடுத்தட்டில் புழுக்களின் மட்டத்தில், சுருளுக்கு நேர்மேலின்றிக் கட்டுக. ஒவ்வொரு முறை இலையிடும்போதும் மேல்தட்டையும் கீழ்த்தட்டையும் இடம் மாற்றுக.

முன்சோதனை: முட்டை பொரிப்பதற்கு இரண்டு நாள் முன்னதாகவே வெறுந்தாங்கியைச் சூடேற்றி, மேல், நடு, கீழ் ஆகிய மூன்று இடங்களிலும் உஷ்ணமானி வைத்துக் காலை, நண்பகல், மாலை, நள்ளிரவு ஆகிய வேளைகளில் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். கருவி காட்டும் எண்ணையும் உஷ்ணமானியோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தைச் சுவரில் எழுதி வைக்கலாம்.

செலவு: 300 வாட் சுருள் இரவில் 12 மணி நேரத்தில் பாதி நேரம் எரிந்தால் 1.8 யூனிட் ஆகும். பத்து இரவுக்கு 18 யூனிட்.

எச்சரிக்கை: தெர்மோஸ்டாட்டின் தொடுமுனை ஒட்டிக்கொண்டால் சூடு நில்லாமல் ஏறும். ஆதலால் 30 டிகிரியில் மின்சாரத்தைத் துண்டிக்கும் இரண்டாம் கருவி ஒன்றை அதே மின்கம்பியில் வரிசையாக இணைப்பது நலம். சுருளுக்கும் அடித்தட்டுக்கும் இடையே ஓரடியேனும் வெளி இருக்கட்டும். சாக்கும் தாளும் அதைத் தொடலாகாது. சூடேற்றுவதால் காற்று உலர்ந்து இலை வாடும். தட்டின் விளிம்பில் ஈரப் பஞ்சுப் பட்டைகளை வைத்து, மெழுகுத்தாளால் மூடுக. தோலுரிக்கும் வேளையில் மட்டும் மூடாது விடுக.

மின்சாரம் நின்றால் கரியடுப்பை மூடிய அறைக்குள் கொண்டு செல்லல் ஆகாது. அதன் விஷவாயு புழுவுக்கும் மனிதருக்கும் கேடு. மூடியிட்ட குடத்தில் பத்து லிட்டர் வெந்நீரைத் தாங்கியின் அடியில் வைத்தால், அது 60 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு ஆறுவதற்குள் ஏறத்தாழ 350 வாட் சுருள் ஒரு மணி நேரம் எரிந்த வெப்பத்தைத் தரும். இரு குடங்களை மாற்றி மாற்றி வைத்தால் இரவைக் கழித்துவிடலாம்.

ஒவ்வொரு குடியானவரும் தனித்தனியே இக்கருவிகளை வாங்குவதைவிட, அண்டை நிலத்தார் நால்வர் கூடி ஒரே மனையில் இளம்புழு வளர்ப்பது மேலும் சிக்கனமாகும். கிராம அலுவலர்கள் இதனை எடுத்துரைத்து, குளிர்காலம் தொடங்குமுன் அத்தகைய பொது மனை ஒன்றேனும் ஏற்பட உதவுமாறு கேட்டுக்கொள்ளுகிறோம்.